பழமனை புதுக்குதலும் ஒப்பந்தக்காரரைத் தெரிதலும்

(நமது சங்கக் குடும்பங்கள் முக்கொம்பில் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



காவிரி இரண்டாகப் பிரியும் இவ்விடத்தில், மரநிழலில் கட்டுச்சோறு உண்டு களித்திருக்கும் வேளையில், கொத்தனாரைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் பேச வந்திருக்கின்றேன். இது உங்கள் இன்பத்துக்கு இடையூறே. ஆயினும் நமது காரியதரிசி அவர்கள் பணித்ததைத் தட்ட இயலாதவனாய் நிற்கின்றேன். குழந்தைகள் விளையாடப் போகட்டும்; பெரியோர்கள் அரைமணி நேரம் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

விஷயம் நீங்கள் அறிந்ததே. ஸ்ரீரங்கத்தில் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற சத்திரத்தின் மேல்தளம் சென்ற ஐப்பசி மழையில் மூன்றிடங்களில் ஒழுகிற்று. கூடத்து உத்தரம் ஒன்று தாழ்ந்திருக்கின்றது. திருப்பணிக்கென நீங்கள் மனமுவந்து அளித்த நிதி பாங்கியில் இருக்கின்றது. வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதை அடுத்த மகாசபைக் கூட்டம் முடிவு செய்யவேண்டும். இதற்கிடையே, “நம்மவர் ஒருவரிடமே கொடுத்துவிடலாம், நமக்குள் டெண்டர் எதற்கு, பத்திரம் எதற்கு?” என்று அன்பர் பலர் சொல்லி வருகின்றனர். அவர்கள் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஒரு காலத்தில் அதே சொற்களை நானும் சொன்னவன். சொல்லி என்ன பெற்றேன் என்பதை உங்களுக்கு மறைக்காமல் உரைப்பதே இன்று என் கடமை.

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்” என்றனர் நம் பெரியோர். பழைய வீட்டைப் புதுக்குவது இவ்விரண்டினும் கடினமானது. புதிய வீட்டில் என்ன இருக்கின்றது என்பது வரைபடத்தில் தெரியும். பழைய வீட்டில் என்ன இருக்கின்றது என்பது இடித்துப் பார்க்கும் வரையில் ஒருவருக்கும் தெரியாது.

இதற்குச் சான்று தேடி நாம் தூரம் செல்ல வேண்டுவதில்லை. கொள்ளிடத்தின் குறுக்கே இதோ தெரியும் மேலணையை 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் கட்டுவித்தார். கொள்ளிடத்தின் படுகை காவிரியினும் தாழ்ந்து, நீரெல்லாம் அவ்வழியே ஓடிவிட, தஞ்சை வயல்கள் காயத் தொடங்கியிருந்த காலம் அது. ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையை நம் கல்லணையினின்றே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கின்றார். அணை எழுந்தபின் கதை முடிந்துவிடவில்லை. காவிரிக்குள் வேண்டியதற்கு மேல் நீர் புகுவதைக் கண்டு, 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் வேறொரு தடுப்பு அமைக்கவும் நேர்ந்தது. கட்டி முடித்தவுடன் கணக்கை மூடிவிடாமல், ஆறு என்ன செய்கின்றது என்று பார்த்துத் திருத்திய பின்னரே அவ்வேலை நிறைவு பெற்றது.

அவ்வணை 182 ஆண்டுகள் நின்றது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, வெள்ளம் பெருகி ஓடிய காலத்தில், கொள்ளிடப் பகுதியிலிருந்த 45 கண்களில் ஒன்பது கதவுகளோடு சரிந்து விழுந்தன. அடுத்த நாள் திருச்சிராப்பள்ளியே திரண்டு வந்து பார்த்தது. நம்மில் பலரும் அன்று இங்கு வந்திருந்தோம். உடனே செய்தது என்ன? முதலில் பாறைகளையும் மணல் மூட்டைகளையும் இட்டு உடைப்பைத் தற்காலிகமாக அடைத்தார்கள். நிரந்தர வேலைக்கு மதிப்பீடு தயாராயிற்று. 387 கோடியே 60 லட்சம் ரூபாய் என்று தொகை கணிக்கப்பட்டு, பழைய அணைக்குச் சற்றுக் கீழே புதிய கதவணை எழுப்பப்பட்டது. அவசரம் என்பதற்காக மதிப்பீடின்றி ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்து, “பார்த்துச் செய்யுங்கள்” என்று சொல்லிவிடவில்லை.

இம்முறைகள் பெரிய அணைகளுக்கே உரியவை என்று நான் பல்லாண்டு எண்ணியிருந்தேன். இனி என் கதையைக் கேளுங்கள்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், என் தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டைப் புதுக்க எண்ணினேன். ஸ்ரீரங்கத்து வீடுகளின் இயல்பு உங்களுக்குத் தெரியும்: அகலம் குறைவு, நீளம் மிகுதி, இருபுறமும் அண்டை வீட்டாரோடு பொதுச்சுவர். மேல்தளம் மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு இட்டு இறுக்கிய பழைய மெத்தைக் கட்டு. வேலையை முறையில் எனக்குச் சிற்றப்பாவாகிய ஒருவரிடம் ஒப்புவித்தேன். நகரின் புறத்தே நல்ல புதிய வீடுகள் பல கட்டியவர். ஒருவரையும் ஏமாற்றியவர் என்று பெயர் வாங்காதவர். ஒரு தொகை சொன்னார். நான் பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். அவர் ஒரு தாளில் ஏதோ எழுத முற்பட்டபோது, “நமக்குள் எதற்குச் சித்தப்பா இதெல்லாம்?” என்று தடுத்தவன் நானே.

மெத்தையைத் திறந்தார்கள். சுவருக்குள் புதைந்திருந்த சட்டங்களின் முனைகள் ஐந்து உளுத்துப் பொடியாகியிருந்தன. அவற்றை மாற்றும் செலவு தாம் சொன்ன தொகைக்கு மேற்பட்டது என்று அவர் கருதினார். அதற்குள் அடங்கியதென்று நான் கருதினேன். இருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. உறவினரிடம் பணம் பேசுவது அழகன்று என்று இருவரும் இருந்துவிட்டோம். இதற்கிடையே அடுப்படியை மேற்கிலிருந்து கிழக்கே மாற்றவேண்டுமென்று வீட்டில் விரும்பினார்கள். நான் அவருக்குச் சொல்லாமல் நேரே மேஸ்திரியிடம் சொல்லி மாற்றச் செய்தேன். அதன் கூலியும் அவர் கணக்கில் ஏறிற்று. ஐப்பசி பிறந்தது. ஆட்கள் வருவது நின்றது. திறந்த மெத்தையின் வழியே மழை கூடத்தில் பெய்தது. என் வயதான தாயார் இரண்டு மாதம் அண்டை வீட்டுத் திண்ணையறையில் இருக்கும்படி ஆயிற்று. பின்னர் வேறொருவரைக் கொண்டு, மறுபடியும் செலவிட்டு வேலையை முடித்தேன்.

அவர் என்னை மோசம் செய்தார் என்று நான் சொல்லித் திரிந்தேன். நான் தம்மைக் கெடுத்தேன் என்று அவர் சொன்னார். பதினோராண்டுகள் ஒருவர் வாசற்படியை ஒருவர் மிதிக்கவில்லை. என் மகளின் திருமணத்துக்கு அவர் வரவில்லை, அழைக்கவும் இல்லை. அவர் காலமான செய்தி கேட்டுச் சென்றபோது, காரியங்கள் முடிந்தபின், அவருடைய மூத்த குமாரர் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்தார். என் வீட்டு வேலையின் ஒவ்வொரு நாட்கூலியும், ஒவ்வொரு சிமெண்டு மூட்டையும், ஒவ்வொரு வண்டி மணலும் அதில் எழுதியிருந்தன. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் கூட்டிப் பார்த்தேன். நான் கொடுத்த பணத்துக்கு மேலும் சில ஆயிரங்களை அவர் என் வீட்டில் செலவிட்டிருந்தார்.

அன்பர்களே, அப்புத்தகம் வாரந்தோறும் எங்கள் இருவர் முன்னும் விரிந்திருந்தால், அந்தப் பதினோராண்டுகள் இழக்கப்பட்டிரா. அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறந்து கேட்டிருக்கவேண்டும். என் குற்றம் அதனினும் பெரிது. உறவு இருக்கும்போது எழுத்து வேண்டாம் என்று நான் எண்ணினேன். உறவு இருக்கும் இடத்திலேதான் எழுத்து மிகவும் வேண்டும். அயலாரிடம் தவறு நேர்ந்தால் பணம் போகும். நம்மவரிடம் நேர்ந்தால் பணமும் போகும், மனிதரும் போவர்.

இனி, அந்த அனுபவத்தாலும், பின்னர் எஞ்சினீயர்களான நண்பர்களைக் கேட்டும் நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன்.

முதலாவது, ஒப்பந்தக்காரரைத் தேடுமுன் நோயை அறியவேண்டும். மெத்தை ஒழுகுவது மேல் ஓட்டின் விரிசலாலோ, நீர்த்தாரை அடைபட்டதாலோ, சட்டம் தாழ்ந்து தளம் வளைந்ததாலோ என்பதை, அவ்வேலையில் லாபமில்லாத ஓர் எஞ்சினீயரை அழைத்து, தக்க ஊதியம் கொடுத்துப் பார்க்கச் செய்க. ஐயமுள்ள இடங்களில் நாட்கூலிக்கு ஆள் வைத்துச் சிறிது திறந்து பார்ப்பது நன்று. உத்தரம் தாழ்ந்த இடத்தில் உடனே முட்டுக்கால் கொடுத்து வைத்துவிட்டுப் பின் யோசிக்கலாம். இங்கே உடைப்பை முதலில் அடைத்துவிட்டு, பின்னர் நிரந்தர வேலையில் இறங்கியதும் இம்முறையே.

இரண்டாவது, பழைய வேலை அறிந்தவரைத் தேடவேண்டும். புதிய வீடு கட்டுவதில் வல்லவர் பழைய வீட்டில் வல்லவராவர் என்பது நிச்சயமன்று. என் சிற்றப்பாவே உதாரணம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளிழுத்து வெளியிடும். அதன்மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சை அப்பினால் ஈரம் உள்ளே தங்கி, சில ஆண்டுகளில் பூச்சு உப்பிப் பெயரும், செங்கல்லும் அரிக்கப்படும். நம் ஊரிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. அரங்கநாதசுவாமி கோயிலின் திருப்பணியில் பழைய முறைகளைப் போற்றியதோடு, மழைநீர் வடியும் பண்டைய வழிகளையும் சீர்செய்தனர். அதற்காக 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஆகவே ஒருவரை அமர்த்துமுன், அவர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் புதுக்கிய வீடு இரண்டையேனும் நேரிற் சென்று பார்க்கவேண்டும். வீட்டுக்காரரைத் தனியே கண்டு, “சொன்ன நாளில் முடித்தாரா? சொன்ன தொகையில் முடித்தாரா? முடித்தபின் கூப்பிட்டால் வந்தாரா?” என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். நேற்று வெள்ளையடித்த வீட்டைக் காட்டுவோரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, மூவரிடமேனும் விலை கேட்கவேண்டும். மூவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுக்கவேண்டும். ஒருவர் பழைய பூச்சை உடைத்து அகற்றுவதையும் சேர்த்துச் சொல்லுவார். மற்றவர் சேர்க்காமல் சொல்லுவார். வரி ஒருவர் தொகையில் அடங்கியிருக்கும், மற்றவர் தொகைக்குப் புறம்பாக இருக்கும். அவற்றை அப்படியே ஒப்பிட்டால் குறைந்தது எதுவென்று எவரால் சொல்ல முடியும்? மற்ற இருவரினும் மிகவும் தாழ்ந்த தொகை சொல்லுபவர் ஏதோ ஒன்றை மறந்திருக்கின்றார், அல்லது பின்னர் நினைவூட்ட எண்ணியிருக்கின்றார்.

நான்காவது, ஒப்பந்தத்தின் வகையை ஆராயவேண்டும். மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்வது ஒரு வகை. ஒவ்வொரு வேலைக்கும் சதுரடிக்கு இவ்வளவு, கனஅடிக்கு இவ்வளவு என்று விகிதம் பேசி, செய்ததை அளந்து கொடுப்பது ஒரு வகை. பொருளை நாமே வாங்கிக் கூலி மட்டும் பேசுவது மற்றொரு வகை. உள்ளே மறைந்திருப்பது தெரியாத பழைய வீட்டுக்கு இரண்டாவது வகையே ஏற்றது என்பது என் துணிபு. ஐந்து சட்டங்கள் உளுத்திருந்தால் ஐந்துக்குக் கொடுக்கின்றோம், ஏழு என்றால் ஏழுக்குக் கொடுக்கின்றோம், மனக்கசப்புக்கு இடமில்லை. கூலி ஒப்பந்தம் மலிவாகத் தோன்றும். ஆனால் தினமும் அருகில் நின்று மணலையும் சிமெண்டையும் கவனிக்க ஓய்வுள்ளவருக்கே அது பொருந்தும்.

ஐந்தாவது, பணம். முன்பணம் பொருள் கொணர்ந்து இறக்கவும் சாரம் கட்டவும் போதுமான அளவே இருக்கட்டும். பிறகு செய்த வேலையை இரு தரத்தாரும் கூடி அளந்து, புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, அதற்கு மட்டும் கொடுக்கவேண்டும். பொதுப்பணித் துறையார் நெடுங்காலமாக ‘அளவுப் புத்தகம்’ என்று போற்றி வைத்திருப்பது இதுவே. ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு சிறு பகுதியை நிறுத்தி வைத்து, ஒரு மழைக்காலம் கழிந்தபின் கொடுப்பதென்று முன்னரே பேசிக்கொள்ளவேண்டும். மெத்தை வேலைக்கு ஐப்பசி மழையைவிடச் சிறந்த பரீட்சகர் கிடையாது. அதேபோல், அளந்து கையொப்பமிட்ட தொகையை நாமும் நாள் தவறாமல் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை மாலை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுக்கக் கையில் பணமில்லாத ஒப்பந்தக்காரர், திங்கட்கிழமை ஆட்களோடு வேறு வீட்டுக்குப் போய்விடுவார். அதில் அவர்மீது குற்றமில்லை.

ஆறாவது, மாற்றங்கள். வேலை நடக்கையில் நம் மனம் மாறும். அது மனித இயல்பு. மாற்றத்தை ஒருவரே சொல்லவேண்டும், ஒப்பந்தக்காரரிடமே சொல்லவேண்டும், விலையும் நாளும் எழுதிக் கையொப்பமான பின்னரே வேலை தொடங்கவேண்டும். ஒருவர் மேஸ்திரியிடம் ஒன்று சொல்ல, மற்றொருவர் ஆசாரியிடம் வேறொன்று சொல்ல, சங்கத் தலைவர் வந்து மூன்றாவதைச் சொன்னால் சத்திரம் என்ன வடிவம் பெறும் என்பதை நீங்களே சிந்தியுங்கள்.

ஏழாவது, வேலையின் தரத்துக்கு நாமும் பொறுப்பாளிகள். புதிதாக இட்ட கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்டானால் ஏழு நாட்களுக்கும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டானால் பத்து நாட்களுக்கும் குறையாமல் ஈரம் காக்கவேண்டும் என்பது இந்திய தர நிர்ணய விதி. இரண்டு நாள் தண்ணீர் தெளித்துவிட்டு மூன்றாம் நாள் மறப்பது வழக்கமாகிவிட்டது. இதைப் பார்ப்பதற்கு எஞ்சினீயர் வேண்டுவதில்லை. காலையிலும் மாலையிலும் சென்று கையை வைத்துப் பார்க்கும் ஓர் அம்மையார் போதும். சாரத்திலிருந்து தொழிலாளி ஒருவர் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்பதும், காப்புறுதி யார் செய்வது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நம் தருமத்தின் கட்டிடம் ஓர் ஏழைக் குடும்பத்தின் கண்ணீர்மேல் எழக்கூடாது. பொதுச்சுவரைத் தொடுமுன் அண்டை வீட்டாருக்கு அறிவித்து, சுவரின் நிலையைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும் அவசியம். நகராண்மையின் அனுமதி வேண்டிய வேலையா என்பதையும் முன்னரே கேட்டறியவேண்டும்.

இத்தனையும் செய்தும் தவறு நேர்ந்தால் சட்டம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் விளைந்த நஷ்டத்தை ஈடுசெய்யவேண்டும் என்கின்றது. வீடு கட்டித் தருவதும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த இரண்டாண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் எழுத்தும் ரசீதும் இல்லாதவன் அங்குச் சென்று நின்றால், தன் சொல்லைத் தவிர வேறென்ன காட்டுவான்? தவிரவும், ஏட்டில் தெளிவாக எழுதியவர்கள் நீதிமன்றத்தின் படியேறும் தேவை பெரும்பாலும் நேருவதில்லை.

முடிவாக, நமது சத்திரத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். நம்மவர்களில் கட்டிட வேலையில் தேர்ந்தவர்கள் இருக்கின்றனர். அவர்களை நான் விலக்கச் சொல்லவில்லை. அவர்களும் விலை கொடுக்கட்டும், அயலாரும் கொடுக்கட்டும். உறைகளை மகாசபையின் முன்னிலையில் பிரிப்போம். நிர்வாக சபை அங்கத்தினர் ஒருவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ விலை கொடுப்பதாயின், அவ்வங்கத்தினர் அவ்விஷயத்தில் வாக்களியாமல் விலகியிருக்கட்டும். நம்மவருக்கே வேலை கிடைத்தால், அயலாருக்கு எழுதும் அதே ஒப்பந்தத்தை, ஓர் எழுத்துக் குறையாமல் அவருக்கும் எழுதுவோம். அளவுப் புத்தகம் சத்திரத்துக் கூடத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கட்டும். இதை அவநம்பிக்கை என்று சிலர் வருந்தக்கூடும். அவ்வாறு வருந்தும் ஒப்பந்தக்காரர் எவரேனும் இச்சபையில் இருப்பின், அவருக்கு நான் பணிவுடன் சொல்லுவது இது: அந்தப் புத்தகம் உங்களைச் சந்தேகிப்பதற்காக அன்று, உங்களைப் பிறர் சந்தேகிக்காதபடி காப்பதற்காகவே வைக்கப்படுகின்றது. என் சிற்றப்பாவுக்கு அத்தகைய காப்பை நான் கொடுக்கத் தவறினேன்.

அந்தக் கணக்குப் புத்தகம் இன்றும் என் வீட்டில் இருக்கின்றது. கணக்கில் கண்ட ஆயிரங்களை அவர் குமாரரிடம் கொடுக்கச் சென்றேன். அவர் வாங்க மறுத்து, “அப்பா கேட்டிருந்தால் வாங்கியிருப்பார், அண்ணா, எனக்கு அந்த உரிமை இல்லை” என்றார். அத்தொகையைத்தான் சத்திரத் திருப்பணி நிதிக்கு, பெயர் குறிக்காமல், இருவர் சார்பாகவும் செலுத்தியிருக்கின்றேன். அந்தப் பணமாவது எழுத்தில் ஏறி, அளந்து செலவாகட்டும் என்பதே என் வேண்டுதல்.